வாசகர் கேள்வி – பதில்: டொராண்டோவில் பதினேழு வயதுப் பையன் வென்றது எப்படி?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சதுரங்கத்தைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில், உலக சாம்பியனை எதிர்த்து ஆடுபவரைத் தேர்ந்தெடுக்க நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியையும், அதில் சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ் முதலிடம் பெற்றதையும் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதைத்தான் ஊரே கொண்டாடியது. ஆனால், விவரம் தெரிந்தவர்கள் அதைவிட டொராண்டோ வெற்றிதான் பெரிய ஆச்சரியம் என்கிறார்கள். அப்படி என்ன ஆச்சரியம்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: போட்டி தொடங்கிய அன்றைய ரேட்டிங் பட்டியலை, அதாவது ஆட்டக்காரர்களின் பலத்தைப் புள்ளிகளில் காட்டும் வரிசையை, பார்த்தாலே விளங்கிவிடும். களத்தில் இருந்த எட்டுப் பேரில் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா 2803 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தார். அடுத்து அதே நாட்டின் ஹிகாரு நகமுரா, பிரான்சுக்காக ஆடும் அலிரெசா ஃபிரூஸ்ஜா, ரஷ்யாவின் இயான் நெப்போம்னியாச்சி, நம் பிரக்ஞானந்தா என்று வரிசை இறங்கி, 2743 புள்ளிகளுடன் குகேஷ் ஆறாவது இடத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நாசிக்கைச் சேர்ந்த விதித் குஜராத்தியும் அஜர்பைஜானின் நிஜாத் அபாசோவும் மட்டுமே. நெப்போம்னியாச்சி அதற்கு முந்தைய இரண்டு கேண்டிடேட்ஸ் போட்டிகளையும் தொடர்ந்து வென்றவர். கருவானா 2018ஆம் ஆண்டிலேயே உலகப் பட்டத்துக்காக அன்றைய சாம்பியன் கார்ல்சனுடன் மோதியவர். இப்படிப்பட்டவர்கள் நடுவே, முதன்முறையாக இந்தப் போட்டியில் ஆடும் பதினேழு வயதுப் பையன் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்ட யாரும் முன்வரவில்லை. குகேஷ் இதை வெல்வதைத் தம்மால் கற்பனை செய்து பார்க்க முடியவில்லை என்று மாக்னஸ் கார்ல்சனே போட்டிக்கு முன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கார்ல்சன் ஆரூடத்தில் தவறுவது அபூர்வம் என்பதால் அந்தச் சொல்லுக்கு அன்று கனம் இருந்தது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரென் நெடுநாளாக ஃபார்ம் இழந்திருந்தார். போட்டிக்கு முன்பே குகேஷ்தான் வெல்வார் என்று பலரும் கணித்திருந்தார்கள். எதிர்பார்த்தது நடப்பதில் மகிழ்ச்சி உண்டு, ஆச்சரியம் குறைவு.

கேள்வி: கேண்டிடேட்ஸ் என்பது மற்றப் போட்டிகளிலிருந்து எந்த வகையில் மாறுபட்டது? (வாசகி, திருச்சி)

பதில்: உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போகும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் போட்டி இது, 1950இல் புடாபெஸ்டில் தொடங்கியது. இப்போதைய முறைப்படி எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற எழுவரோடும் வெள்ளைக் காயில் ஒருமுறை, கறுப்புக் காயில் ஒருமுறை என்று பதினான்கு சுற்றுகள் ஆட வேண்டும். வழக்கமான பெரிய போட்டிகளில் இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்பதற்கும் ஒரு கௌரவம் உண்டு. இங்கே பரிசுப் பணத்தைத் தவிர அவற்றுக்குப் பெரிதாக மதிப்பில்லை. முதல்வருக்கு மட்டுமே கதவு திறக்கும். அதனால் கடைசிச் சுற்றுகளில், இரண்டாவதாக வருவதும் ஐந்தாவதாக வருவதும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் துணிந்து எதையும் செய்வார்கள். அந்த வெறியைத் தாங்கிக்கொண்டு நிதானமாக ஆடுவதுதான் இந்தப் போட்டியின் முழுச் சிரமமும்.

விதிவிலக்காக ஒருமுறை இரண்டாமவருக்கும் கதவு திறந்திருக்கிறது. 2022இல் மாட்ரிட்டில் நெப்போம்னியாச்சி முதலாவதாகவும் டிங் லிரென் இரண்டாவதாகவும் வந்தார்கள். கார்ல்சன் பட்டத்தைத் தக்கவைக்க ஆட விரும்பவில்லை என்று ஒதுங்கிக்கொண்டதால் அவர்கள் இருவருமே 2023இல் அஸ்தானாவில் உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். இரண்டாமவராக வந்த டிங் சாம்பியன் ஆனார்.

கேள்வி: குகேஷுக்காகவே சென்னையில் அவசர அவசரமாக ஒரு போட்டியை நடத்தித்தான் அவரை கேண்டிடேட்ஸுக்கு அனுப்பினார்கள் என்று என் நண்பர் ஏளனமாகச் சொல்கிறார். உண்மையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தங்கள் நண்பர் சொல்வதில் நடந்தது இருக்கிறது, ஏளனத்துக்குத்தான் இடமில்லை.

டொராண்டோவுக்குச் செல்லப் பல வழிகள் இருந்தன. உலகக் கோப்பையில் முன்னணி இடம், கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் முதல் இரண்டு இடங்கள், ரேட்டிங், முந்தைய உலகப் பட்டப் போட்டியில் தோற்றவர் என்ற தகுதி ஆகியவற்றோடு, ஆண்டு முழுவதும் ஆடும் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் சர்க்யூட் என்ற வழியும் 2023இல் புதிதாக வந்தது. சர்க்யூட்டில் முதலிடம் பிடித்த கருவானா உலகக் கோப்பை வழியாகவே தகுதி பெற்றுவிட்டதால் அந்த இடம் அடுத்தவருக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு நெதர்லாந்தின் அனிஷ் கிரியும் குகேஷும் போட்டியிட்டார்கள். அந்த நேரத்தில், டிசம்பர் நடுவில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஆதரவில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் தலா 4.5 புள்ளிகள் பெற, சமநிலையை உடைக்கும் டைபிரேக் கணக்கில் குகேஷ் முதலிடம் பெற்றார். அதனால் கிடைத்த சர்க்யூட் புள்ளிகள் அவரைக் கிரிக்கு முன்னால் கொண்டு நிறுத்தின.

போட்டி குறுகிய காலத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது என்பதையும், அதன் நோக்கம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் களத்தில் எரிகைசி, லெவோன் அரோனியன் போன்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் குகேஷுக்கு விட்டுக்கொடுக்க வந்தவர்கள் அல்லர். அதே வாரங்களில் பிரான்சிலும் ஃபிரூஸ்ஜாவின் ரேட்டிங்கை உயர்த்துவதற்கென்றே சார்ட்ரெஸ் நகரில் அவசர ஆட்டங்கள் ஏற்பாடாயின. அங்கே நினைத்தபடி நடக்காததால், ரூவான் நகரத் திறந்தநிலைப் போட்டிக்கு ஓடி ஏழு ஆட்டங்களையும் வென்று கடைசி நேரத்தில் அவர் தகுதி பெற்றார். என் பார்வையில் குறை விதிகளில்தான் இருந்தது. ஆண்டுக் கடைசியில் இப்படிப் போட்டிகளை வைத்துப் புள்ளி தேட வழிவிட்ட விதியைத் திருத்த வேண்டியது கூட்டமைப்பின் வேலையே தவிர, இருக்கிற விதிக்குள் ஆடியவர்களைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: நானும் என் மகனும் பிரக்ஞானந்தா வெல்வார் என்று எதிர்பார்த்தோம். குகேஷ் அவரை முந்தியது எப்படி? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: தங்களுடைய எதிர்பார்ப்பு நியாயமானதே. 2023 ஆகஸ்டில் பாகுவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை சென்று கார்ல்சனிடம் மட்டுமே தோற்றவர் பிரக்ஞானந்தா. டொராண்டோவிலும் அவர் மோசமாக ஆடவில்லை. பதினான்கில் ஏழு புள்ளிகள் எடுத்து ஐந்தாவதாக வந்தார். அவருடைய அக்கா வைஷாலி அதே அரங்கில் நடந்த மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடையே தொடர் தோல்விகளைச் சந்தித்தும் கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக வென்று இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் கேண்டிடேட்ஸ் ஆடியது அதுவே முதல்முறை.

இரண்டாம் சுற்றிலேயே குகேஷ் பிரக்ஞானந்தாவை வென்றுவிட்டார். ஒரே நகரத்தில் வளர்ந்து, ஒரே பள்ளியின் பெயரில் ஆடி, ஒருவர் ஆட்டத்தை மற்றவர் உள்ளும் புறமும் அறிந்தவர்கள் என்பதால் அந்த ஆட்டம் இருவருக்குமே எளிதானதாக இருந்திருக்காது. ஒன்பதாம் சுற்றில் டிரா செய்துகொண்டார்கள்.

கேள்வி: குகேஷின் வெற்றிக்கு எந்த ஆட்டம் திருப்புமுனை? செஸ் நன்றாகத் தெரியாத எனக்கும் புரியும்படி விளக்க வேண்டுகிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: அவர் தோற்ற ஒரே ஆட்டத்தையே நான் சொல்வேன். அவரும் பிறகு ஏறக்குறைய அதையேதான் சொன்னார்.

ஆறு சுற்றுகள் முடிந்தபோது குகேஷும் நெப்போம்னியாச்சியும் தலா நான்கு புள்ளிகளோடு முன்னிலையில் இருந்தார்கள். ஏழாம் சுற்றில் குகேஷ் ஃபிரூஸ்ஜாவோடு மோதினார். இங்கே கடிகார விதியைச் சற்று விளக்க வேண்டும். இப்போதைய பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகள் கூடுதலாகச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கையில் நேரமே இல்லாமல் போவது அரிது. டொராண்டோவில் முதல் நாற்பது நகர்த்தல்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு நொடிகூடச் சேராது. நாற்பத்தோராவது நகர்த்தலிலிருந்துதான் முப்பது நொடி சேரும். அதாவது, யோசித்து யோசித்து நேரத்தைச் செலவழித்தவர் முப்பது, முப்பத்தைந்தாவது நகர்த்தலில் இருக்கும்போது கடிகாரத்தில் ஓரிரு நிமிடமோ அதற்கும் குறைவோதான் மிச்சமிருக்கும். குகேஷுக்கு அன்று அதுதான் நேர்ந்தது. நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் நேரம் கரைந்து, நாற்பதாவது நகர்த்தலை எட்டும் அவசரத்தில் தடுமாறித் தோற்றார். நெப்போம்னியாச்சி அன்று டிரா செய்து தனி முன்னிலைக்குப் போய்விட்டார்.

இதே பையன் இதேபோல் ஒருமுறை உடைந்துபோனதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் போட்டியில் இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் ஆடிய குகேஷ், முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லக்கூடிய நிலையில் இருந்து, நேர நெருக்கடியில் தவறிழைத்துத் தோற்றார். அணிக்குக் கிடைக்க இருந்த தங்கம் நழுவி வெண்கலமாயிற்று; உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. ஆட்டம் முடிந்தும் எழுந்திருக்க மனமின்றி, தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே அவர் உட்கார்ந்திருந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கடுத்த நாள் அவருக்கு ஒரு டிராதான் கிடைத்தது.

டொராண்டோவில் தோல்விக்கு மறுநாள் ஓய்வு நாளாக அமைந்தது நல்வாய்ப்பு. அந்த ஒரு நாளில் தாம் முழுவதும் தெளிந்துவிட்டதாகவும், அந்தத் தோல்வியே தமக்கு வேகம் தந்ததாகவும் பின்னாளில் குகேஷ் சொன்னார். வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் பிறகு இப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஆட்டங்களே சாட்சி சொல்கின்றன. எட்டாம் சுற்றில் விதித் குஜராத்தியை வென்று உடனே முன்னிலையைத் திரும்பப் பிடித்தார். பதின்மூன்றாம் சுற்றில் அதே ஃபிரூஸ்ஜாவை வென்றுதான் முதன்முறையாகத் தனி முன்னிலைக்கு வந்தார். தோற்றவர்கள் பெரும்பாலும் அடுத்த ஆட்டத்தில் இரண்டு விதமாகத் தவறுவார்கள்: ஒன்று, இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்று வெறிகொண்டு ஆடுவார்கள், அல்லது பயந்து பதுங்குவார்கள். குகேஷின் எட்டாம் சுற்று ஆட்டத்தில் இரண்டுமே இல்லை. ஏழாம் சுற்று நடக்கவே இல்லை என்பதுபோல் ஆடியிருக்கிறார். பதினேழு வயதில் அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: அவர் பெரிய ஆட்டக்காரர்கள் எவரையும் வெல்லவே இல்லை, பலவீனமானவர்களை மட்டும் வென்று முதலிடம் பெற்றார் என்று படித்தேன். இது சரியா? (வாசகர், சேலம்)

பதில்: புள்ளிவிவரம் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியில்லை. குகேஷ் ஐந்து வெற்றி, எட்டு டிரா, ஒரு தோல்வி என்று ஒன்பது புள்ளிகள் எடுத்தார். வென்ற ஐந்தில் இரண்டு அபாசோவுக்கு எதிரானவை. மற்றவை பிரக்ஞானந்தா, விதித், ஃபிரூஸ்ஜா ஆகியோருக்கு எதிரானவை. முதலிடத்துக்கு அவரோடு மல்லுக்கட்டிய நெப்போம்னியாச்சி, நகமுரா, கருவானா மூவரோடும் ஆடிய ஆறு ஆட்டங்களும் டிராவில்தான் முடிந்தன.

ஆனால், அந்த ஆறு டிராக்களைச் சற்றுக் கவனியுங்கள். தம்மைவிடப் பல ஆண்டு மூத்த, கேண்டிடேட்ஸ் அனுபவம் மிகுந்த மூவரிடம் ஆறு முறை உட்கார்ந்து ஒருமுறைகூடத் தோற்காமல் எழுந்திருப்பது சாதாரணமா? நகமுரா இரண்டு ஆட்டங்களில் தோற்றார், இரண்டுமே விதித்திடம். அவற்றுள் முதலாவது, நாற்பத்தேழு ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்த அவருடைய தொடரை முறித்தது. கருவானாவின் ஒரே தோல்வி நகமுராவிடம். நெப்போம்னியாச்சி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை, ஆனால் வென்றது மூன்றுதான். இந்த மூவரும் எட்டரைப் புள்ளியில் நின்றார்கள். அரைப் புள்ளி வித்தியாசத்தில் முடிந்த போட்டியில், எங்கே வெல்ல முடியுமோ அங்கே வென்று, எங்கே முடியாதோ அங்கே தோற்காமல் வந்தவருக்குத்தான் முதலிடம் கிடைத்தது. பதினான்கு சுற்றுப் போட்டியை வெல்லும் வழி அதுதான். தங்கள் தலைமுறைக்குத் தெரிந்த பழைய உலக சாம்பியன்கள் கார்ப்போவும் பெத்ரோசியனும் அப்படித்தான் வென்றார்கள். இளைஞர் என்றால் அதிரடியாகத்தான் ஆட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதால் இது கண்ணில் படாமல் போகிறது.

விதித்தின் அந்த இரண்டு வெற்றிகள் இல்லாவிட்டால் நகமுரா தனியாகவே முதலிடம் பெற்றிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை.

கேள்வி: கடைசி நாளில் என்ன நடந்தது? குகேஷின் ஆட்டம் முடிந்த பிறகும் அவர் வென்றாரா இல்லையா என்று தெரியாமல் எல்லோரும் காத்திருந்தார்களாமே? (வாசகி, மதுரை)

பதில்: ஏப்ரல் 21ஆம் தேதி, பதினான்காம் சுற்று. குகேஷ் எட்டரை, நகமுரா, நெப்போம்னியாச்சி, கருவானா மூவரும் தலா எட்டு. அட்டவணை வைத்த விந்தை என்னவென்றால், அந்த நால்வரும் அன்று தங்களுக்குள்ளேயே மோத வேண்டியிருந்தது: நகமுராவும் குகேஷும் ஒரு பலகையில், கருவானாவும் நெப்போம்னியாச்சியும் மற்றொன்றில்.

குகேஷுக்குக் கறுப்புக் காய். நகமுரா வென்றே ஆக வேண்டும். குகேஷுக்கு டிரா போதும் என்று சொல்லலாம், ஆனால் அதுவும் முழு உண்மையல்ல. அவர் டிரா செய்து ஒன்பதை எட்டினாலும், மற்றப் பலகையில் யாராவது வென்றால் அவரும் ஒன்பதை எட்டிவிடுவார்; பிறகு மறுநாள் குறைந்த நேரமே கொண்ட ரேபிட் ஆட்டங்களில் டைபிரேக் ஆட வேண்டும். நெப்போம்னியாச்சியும் கருவானாவும் வேக ஆட்டத்தில் தேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் குகேஷ் பதற்றமில்லாமல் காய்களை மாற்றி மாற்றி, நகமுராவுக்குப் பிடிகொடுக்காமல் டிரா செய்து எழுந்தார்.

மற்றப் பலகையில் ஆட்டம் ஓயவில்லை. கருவானா வெற்றி நிலையை அடைந்து, அதைக் கைவிட்டு, மறுபடி அடைந்து, மறுபடி கைவிட்டார். கணினி மதிப்பீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு அந்த மணிநேரங்கள் நரகம். முதலில் அந்த ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த குகேஷ், பிறகு தாங்க முடியாமல் தம்முடைய போலந்துப் பயிற்சியாளர் க்ஷெகோஷ் காயெவ்ஸ்கியோடு நடக்கப் போய்விட்டார். 109ஆவது நகர்த்தலில் கருவானாவும் நெப்போம்னியாச்சியும் டிரா செய்துகொண்டார்கள். இருவருக்குமே அது தோல்விதான். கைகுலுக்கும்போது நெப்போம்னியாச்சி வருத்தம் தெரிவிக்க, தவறு தம்முடையதே என்று கருவானா சொன்னது அங்கிருந்த ஒலிவாங்கியில் பதிவாகியிருக்கிறது. போட்டியை வென்றவர் அந்த நேரத்தில் அந்த அறையிலேயே இல்லை.

கேள்வி: கேண்டிடேட்ஸ் வென்றவர்களில் மிக இளையவர் குகேஷ் என்கிறார்கள். அவருக்கு முன் அந்தப் பெருமை யாருடையது? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: கேரி கஸ்பரோவ். அவர் 22 வயதில் வென்றதாகப் பல செய்திகளில் வந்தது. அது கணக்குப் பிழை. 1963 ஏப்ரல் 13இல் பிறந்த கஸ்பரோவ், 1984 ஏப்ரல் தொடக்கத்தில் வில்னியஸ் நகரில் ஸ்மிஸ்லோவை வென்று கார்ப்போவை எதிர்க்கும் தகுதி பெற்றார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது நிறைய ஒருசில நாட்களே இருந்தன. 2006 மே 29இல் பிறந்த குகேஷ், டொராண்டோவில் வென்றபோது பதினெட்டை நெருங்கிக்கொண்டிருந்தார். இந்தியர்களில் அவருக்கு முன் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றவர் விஸ்வநாதன் ஆனந்த் ஒருவரே. அவர் 2014இல் கான்டி மான்சிஸ்க் போட்டியை வென்றபோது வயது நாற்பத்து நான்கு.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, மாவட்ட அளவில் பரிசுகள் வாங்குகிறாள். குகேஷ் நான்காம் வகுப்போடு பள்ளிக்குப் போவதை நிறுத்தினார் என்றும், கணினியைத் தொடாமலே பயிற்சி பெற்றார் என்றும் சொல்கிறார்கள். நாங்களும் அப்படிச் செய்யலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: முதல் கேள்விக்கு: வேண்டாம், இப்போது வேண்டவே வேண்டாம். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளி செல்லவில்லை என்பது அவருடைய குடும்பத்தார் சொன்னதே. ஆனால் அதன் பின்னால் என்ன இருந்தது என்பதையும் பாருங்கள். காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவரான தந்தை ரஜினிகாந்த் தம் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு நாடு நாடாகச் சுற்றினார். நுண்ணுயிரியல் வல்லுநரான தாய் பத்மாவின் வருமானத்தில் வீடு நடந்தது. நண்பர்கள் உதவினார்கள். வேலம்மாள் பள்ளி நிர்வாகம் விடுப்புகளுக்கு இடம் கொடுத்தது. இவ்வளவும் சேர்ந்தும், பையன் பன்னிரண்டு வயது ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனதால்தான் அந்த முடிவு சரியாயிற்று என்று இன்று நாம் சொல்கிறோம். அதே முடிவை எடுத்து, எந்தப் பட்டமும் கிடைக்காமல், பதினாறு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தனித்தேர்வராக விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இரண்டாவது கேள்வி சுவையானது. குகேஷின் முதல் முக்கியப் பயிற்சியாளரான விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை அவரை நகர்த்தல்களை மதிப்பிடும் கணினி நிரலான செஸ் எஞ்சின் பக்கம் போக விடவில்லை. ஒரு நிலையைப் பார்த்ததும் கணினி என்ன சொல்கிறது என்று கேட்காமல், தானே பல நகர்த்தல்கள் முன்னோக்கிக் கணக்குப் போட்டு முடிவுக்கு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்தியாவில் அப்போது இது மிகவும் அசாதாரணமான வழி. டொராண்டோவில் அதன் இரண்டு பக்கமும் தெரிந்தன. எவ்வளவு சிக்கலான நிலையிலும் தம் கணக்கை நம்பி ஆடும் துணிவு அதனால் வந்தது. ஒவ்வொரு நகர்த்தலையும் ஆழமாகக் கணக்கிடுவதால் கடிகாரம் கரைந்து ஏழாம் சுற்றில் தோற்றதும் அதனாலேயே என்று நான் நினைக்கிறேன்.

தங்கள் மகளுக்கு எஞ்சினை அறவே தடுக்க வேண்டியதில்லை. ஒரு சிறு ஒழுங்கு போதும்: ஆடி முடித்த ஆட்டத்தை முதலில் அவளே பலகையில் காய்களை வைத்து, எங்கே தவறினோம் என்று தன் சொற்களில் நோட்டில் எழுதட்டும். எழுதி முடித்த பிறகு மட்டுமே கைபேசியைக் கொடுங்கள். தான் எழுதியதும் எஞ்சின் சொல்வதும் எங்கே வேறுபடுகின்றன என்று அவள் பார்ப்பதில்தான் பயிற்சி இருக்கிறது.

கேள்வி: உலக சாம்பியன் ஆன பிறகு குகேஷ் பல போட்டிகளில் சறுக்கினார். அப்படியானால் டொராண்டோவில் கிடைத்தது அதிர்ஷ்டம்தானா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: அதிர்ஷ்டம் இல்லாமல் கேண்டிடேட்ஸ் வென்றவர் எவருமில்லை. கடைசி நாளில் கருவானா கைக்கு எட்டியதை விட்டது குகேஷின் திறமையால் அல்ல. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில், டிராவில் முடிந்திருக்க வேண்டிய நிலையில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் அப்படியே. ஆனால் டிங் தவறு செய்வதற்கு, அவ்வளவு நேரம் எதிரே ஒருவர் டிராவுக்கு ஒப்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குகேஷ் உட்கார்ந்திருந்தார், ஏழரைக்கு ஆறரை என்று பட்டம் வந்தது.

2025இல் அவருக்கு ஏற்றமும் இருந்தது, இறக்கமும் இருந்தது. நார்வேயில் கார்ல்சனை முதன்முறையாக நீண்ட நேர ஆட்டத்தில் வென்றார். தோற்ற கார்ல்சன் மேசையைக் குத்தியது உலகம் முழுதும் பரவிய காட்சி. செப்டம்பரில் சமர்கந்தில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றார். கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாம் சுற்றிலேயே வெளியேறினார். பத்தொன்பது வயது ஆட்டக்காரருக்கு இது இயல்பு என்பதைத் தவிர நான் இதில் வேறெதையும் காணவில்லை. வேக ஆட்டங்களில் அவர் இன்னும் முதல் வரிசையில் இல்லை என்பதும் உண்மை. அதை அவருடைய ரசிகர்கள் ஒப்புக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: டொராண்டோவில் குகேஷ் ஆடிய பதினான்கு ஆட்டங்களில், என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர் எதை முதலில் எடுத்துப் பார்க்கலாம்? (தபால் ஊழியர், விருத்தாசலம்)

பதில்: பெரும்பாலானோர் பதின்மூன்றாம் சுற்றில் ஃபிரூஸ்ஜாவை வென்ற ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். அது நல்ல ஆட்டம்தான். ஆனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏழாம் சுற்றில் அவர் தோற்றதைப் பாருங்கள், நகர்த்தல்களோடு பக்கத்தில் கடிகார நேரத்தையும் காட்டும் தளத்தில். உடனே எட்டாம் சுற்றைப் போட்டு, விதித்துக்கு எதிராக எந்தெந்த இடத்தில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று ஒப்பிடுங்கள். இரண்டையும் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். பதினான்காம் சுற்றை எடுக்கும்போது குகேஷின் ஆட்டத்தோடு நிறுத்திவிடாமல் கருவானாவின் 109 நகர்த்தல்களையும் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எஞ்சினை மட்டும் அணைத்து வைத்துவிடுங்கள்.